மைனஸ் முப்பத்தொன்றில் ஒரு பொத்தான்

அழுத்தினேன்.
விசிறிகள் அரைச்சுற்று வந்து நின்றன,
தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து
தன்னை இல்லை என்று போய்விடுகிறவரைப் போல.

ஒன்பது மாதச் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்தவை.
செயலி மார்ச்சில். தாய்ப்பலகை ஜூலையில்.
பெட்டி, நாரன்தூல் சந்தையில் கையுறை கழற்றாமல் பேரம் பேசி.
கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் பழசு;
எவனோ அதை வைத்து இராப்பகலாய் நாணயம் தோண்டியிருக்கிறான்.
நான் தோண்டுவது செம்புக் குழிகளை, திரையில்.
அலுவலகக் கணினியில் ஒரு குழியைத் திருப்பிப் பார்ப்பதற்குள்
உப்புத் தேநீர் ஏடு கட்டிவிடும்.

உலான்பாத்தர் ஜனவரியில் கதவுப்பிடி கடிக்கும்.
பிள்ளையின் கன்னம் கடிக்கும்.
ஒட்டகக் கம்பளிச் சட்டையை இருட்டில் கழற்றினால்
நீலமாய்ப் பொரியும்.
அதற்குப் பயந்து
பருத்திச் சட்டை, வெறுங்கால்,
ஒரு கை சூடேற்றிக் குழாயில், மறு கையில் திருப்புளி.
ஜன்னல் வழியே யாரும் பார்த்திருந்தால்
பேயோட்டுகிறாள் என்றிருப்பார்கள்.

அக்கா புருஷன் புரெவ்தோர்ஜ் டிராலிபஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியன்.
போனில் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்:
"வண்டி கிளம்பலைன்னா
முதல்ல பயணிகளை இறக்கு."

இறக்கினேன்.
கார்டை. வட்டை. இரண்டு நினைவகத் துண்டுகளில் ஒன்றை.
சாப்பாட்டு மேசையில் வரிசையாய் உட்கார்ந்து
அவை என்னைப் பார்த்தன.
அழுத்தினேன். அரைச்சுற்று.

கடைசியில் பலகையையே தூக்கினேன்.
அடியில், துளையே இல்லாத இடத்தில்
ஒரு பித்தளைக் கால்.
ஒன்பது போதும். பெட்டிக்காரன் பத்து முடுக்கி அனுப்பியிருக்கிறான்.
பலகையின் முதுகில் அது உரசிய இடம்
கொசுக்கடி அளவு.
நகத்தால் தடவிப் பார்த்தேன்,
வலிக்குமோ என்பதுபோல்.

இப்போது விசிறிகள் நிற்கவில்லை.
திரைதான் கறுப்பு.
பலகை ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு எரிந்தது,
நினைவகம் என்று பக்கத்தில் பொடி எழுத்து.

இருபது எண்ணினேன். அணைத்தேன்.
துண்டை மாற்றிச் செருகினேன். நாற்பது எண்ணினேன். அணைத்தேன்.
டப்பென்று சத்தம் வரும்வரை கட்டைவிரலால் அமுக்கினேன்.
அறுபது.
ஏழு தடவை. எட்டாவது தடவை கெட்ட வார்த்தையும் சேர்த்து.

அப்போதுதான் தெமுலென் எழுந்து அழுதான்.
கனவில் நாய் அவன் காலுறையைத் தூக்கிப் போய்விட்டதாம்.
காலுறை போர்வைக்குள்தான் இருந்தது;
அவன் நம்பவில்லை.
மாட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் படுத்தேன்.
கீழே எவரோ காரை உறைந்துவிடாமல் ஓடவிட்டிருந்தார்கள்.
அணைக்க மறந்த ஒன்று
அடுத்த அறையில் எரிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தால் மேசை வெளுத்திருந்தது.
திரை நிறைய எழுத்து.

கையேட்டில் இருந்திருக்கிறது, பதினாலாம் பக்கம், ரஷ்ய மொழியில்:
முதன்முதலில் எழும்போது
அது தன் நினைவகத்தைத் தானே தட்டித் தடவிப் பழகுமாம்.
எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு தாமதம்
என்று ஒவ்வொன்றாய்.
நிமிடக்கணக்கில் ஆகுமாம்.
எட்டுத் தடவை
பாதியில் பிடுங்கி எழுப்பியிருக்கிறேன்.

புரெவ்தோர்ஜுக்குச் செய்தி அனுப்பினேன்.
கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பிறகு,
"பயணிகளை மறுபடி ஏத்திட்டியா?"

ஏற்றவில்லை.
திரையின் மூலையில் தேதி கேட்டு நின்றது.
அதுவாகப் போட்டுவைத்திருந்த ஆண்டில்
இந்த வீட்டு வாசலில்
இன்னொரு ஜோடி பூட்ஸ் கிடந்தது,
பனி உருகிக் குட்டையாகும், துடைத்தது நான்தான்.

மாதத்தை முதலில் மாற்றினேன்.
பிறகு நாளை.
ஆண்டுக்கு வந்தபோது
மேல்நோக்கிய அம்புக்குறி கொஞ்சம் சிக்கியது;
பழைய விசைப்பலகை, தேநீர் சிந்தியது.
மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.